ஓடுபாதைக்கு முன் அங்கே உழுதவர்கள்

"அம்மம்மா, நடராசா தாத்தா செத்திட்டாராம்" என்று பேத்தி வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய இந்தச் செயின்ட்-மிஷேலில் அவரை முன்பும் ஒருமுறை வாயாலேயே சாகடித்துவிட்டு, மறுகிழமை கடையில் கண்டவர்கள் இருக்கிறார்கள். மகனும் வந்து சொன்ன பிறகுதான் கதிரையில் இருந்தேன்.

அவரை இங்கே எல்லாரும் சரித்திரப் பைத்தியம் என்றார்கள். நான் அதைவிட மோசமாக, உளவாளி என்றே நினைத்தேன். ஞாயிறுதோறும் பஸ் ஏறி, நகர எல்லையில் கிடங்குகள் நிற்கும் வெளிக்குப் போவார். உலகப்போர்க் காலத்தில் அங்கே விமானிகளைப் பழக்கினார்களாம். இன்று அங்கே வேலை செய்பவர்களுக்கே அது தெரியாது. லொறிகளுக்கு இடையில் வெடித்துக் கிடக்கும் பழைய ஓடுபாதைக் கொங்கிறீற்றைப் படம் எடுத்துக்கொண்டு வருவார். ஊரில் ஓடுபாதையைப் படம் எடுத்தவனை யாரும் நல்லவன் என்று சொன்னதில்லை. நேரே கேட்டேன்.

"தம்பி, நீ ஆற்ற ஆள்?"

"காணி போனவன்ர ஆள், அக்கா" என்று சிரித்தார்.

என் காணியும் போனதுதான். யாழ்ப்பாணத்தில் ஓடுபாதையைப் பெருப்பித்தபோது எங்கள் இருவரின் நிலமும் முள்வேலிக்குள் போய்விட்டது.

"பிளேன் ஏறமுன்னம் அதில ஆரோ உழுதிருப்பினம். அவையைத்தான் தேடுறன்" என்றார். அதையும் நம்பாமல், ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன்.

அந்த வெளிக்குப் பக்கத்து வீடொன்றில், தொண்ணூறு தாண்டிய ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவி கதவைத் திறந்தார். அவருடைய தகப்பனின் வயலில்தான் ஓடுபாதை போட்டார்களாம். இருவரும் பிரெஞ்சில் கதைத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு 'மெர்சி' மட்டும்தான் விளங்கும். ஆனால் பார்ப்பதற்குப் படிப்பு வேண்டியதில்லையே. தம்பி ஏதோ கேட்டார். கிழவி ஏதோ சொல்லி, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

பஸ் தரிப்பிடத்தில் விடவில்லை நான். "என்ன கேட்டனி?"

"போர் முடிய, காணியைத் திருப்பிக் குடுத்தவையோ எண்டு."

"என்னவாம்?"

"ஓம் அக்கா, குடுத்தவையாம்." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"அப்ப மனிசி ஏன் அழுதவ?"

"சந்தோசத்தில ஆக்கும்."

"என்ர காதில பூ சுத்தாதை."

"ஊருக்குப் போனா முதல்ல உங்கட கிணத்தை இறைப்பம், அக்கா" என்று கதையை மாற்றினார். அதன்பிறகு எந்த ஞாயிறும் அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

என் பேத்தி பிரெஞ்சில் வகுப்பிலேயே முதல் பிள்ளை. "அந்த அம்மாவிட்ட நான் கேட்டுச் சொல்லட்டோ?" என்று நேற்றும் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். நடராசா எனக்காகச் சொன்ன அந்த 'ஓம்' என்னிடம் இருக்கிறது. அதை நான் இன்றும் நம்பவில்லை. அதைப் பொய்யாக்க ஒருவரையும் விடவும் மாட்டேன்.