எழுபத்தொன்றாம் ஆணி

குர்லாவில் பல்சக்கரம் வெட்டும் பட்டறை ஒன்றில் தளவாய்க்கு இருபத்தாறு வருட வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனாலும் தாராவியிலிருந்து வரும் பஸ்ஸில், முன்னால் போகும் வண்டியின் எண்ணை வகுத்துப் பார்க்காமல் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

அன்று வெட்ட வந்தது சாய்ந்த பல் உள்ள சக்கரம். பல் எவ்வளவு சாய வேண்டும் என்பதை இயந்திரத்தின் பக்கத்தில் மாட்டும் மூன்று ஜோடிச் சக்கரங்கள் தீர்மானிக்கும். கணக்கு 0.612943 என்று வந்தது. பின்னமாக எழுதினால் கீழே பத்து லட்சம். அது 80, 100, 125 பல் உள்ள மூன்று சக்கரங்களாக உடைந்துவிட்டது. மேலே 612943. அதுவும் மூன்று சக்கரங்களின் பெருக்கலாக உடைய வேண்டும்.

உடையவில்லை. ஒற்றைப்படை எண். இலக்கங்களைக் கூட்டினால் 25, ஆகவே மூன்றால் வகுபடாது. 943-இல் 612 போக 331; அது 7, 11, 13 எதிலும் அடங்கவில்லை, முழு எண்ணும் அடங்காது. 85-ஐ மூன்று தடவை வைத்துப் பெருக்கினால் 614125. அப்படியானால் மூன்றில் ஒரு சக்கரமாவது 85-க்குள் இருந்தாக வேண்டும். சுவரில் தனி ஆணிவரிசையில் தொங்கிய பகா எண் சக்கரங்களைப் பார்த்துப் பார்த்து 83 வரை வகுத்தார். எல்லாவற்றிலும் மீதி.

மறுநாள் மூன்று மணிக்கு டெம்போ வந்துவிடும். வாடிக்கையாளர் கொடுத்த உருக்குத் துண்டு ஒன்றே ஒன்று. தவறாக வெட்டினால் அது பழைய இரும்பு.

"612500-னு வச்சிருங்க அண்ணாச்சி," என்றான் இளைய முதலாளி ஜெயகணேஷ். "50, 98. மேலயும் கீழயும் 125 அடிபட்டுரும். சோலி முடிஞ்சுது."

"சாய்வு மாறிப் போவும் தம்பி. சோடிச் சக்கரத்தோட ஓடாது. பத்து நாள்ல பல்லத் தின்னுரும்."

"ஒடையாத நம்பர வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறிய?"

வீட்டிலும் விரல் நிற்கவில்லை. "தட்டு என்ன சிலேட்டா? ரசம் ஆறுது," என்றாள் மனைவி கலைச்செல்வி.

காலையில் சும்மா இருக்க முடியாமல் சக்கரங்களைத் துடைத்து மாட்டினார். 67. அடுத்து 73. நடுவே ஆணி மட்டும் இருந்தது.

தொங்காத சக்கரத்தால் அவர் வகுக்கவே இல்லை. நின்றபடியே 71-ஆல் வகுத்தார். 8633, மீதி இல்லை. 8633 என்பது 89 பெருக்கல் 97.

71 ரம்ஜானுக்கு முன்பே அடுத்த சந்துப் பட்டறைக்கு இரவல் போயிருந்தது. பட்டறைக்கார அஸாருதீன் சிரித்தான்.

"எட்டு மாசமா உம்ம ஆணி காலியாக் கெடக்கு. இப்பதான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்."

"கழட்டும்வே."

"ஓடிட்டிருக்குல்லா. ஒரு மணிக்குத் தாரேன்."

தளவாய் அங்கேயே, சுற்றும் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார்.

மூன்று மணிக்கு டெம்போ ஹாரன் அடித்தபோது இயந்திரம் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது. மூன்றரைக்குப் புதிய சக்கரத்தை, டெம்போவில் வந்திருந்த அதன் ஜோடியோடு சேர்த்துக் கையால் சுற்றினார். ஒரு முழுச் சுற்று, எங்கும் பிடிக்கவில்லை.

டெம்போ கிளம்புமுன்பே அஸாருதீன் வந்து கை நீட்டினான். "எனக்கு இன்னும் நாலு சக்கரம் வெட்டப் பாக்கி."

71-ஐக் கொடுத்தனுப்பிய தளவாய், சாக்கட்டி எடுத்து வெற்று ஆணிக்குக் கீழே 71 என்று எழுதினார். பிறகு, காலியாக இருந்த மற்ற ஆணிகளையும் தேடத் தொடங்கினார்.