பலா மரத்துக் காளான்

மரக்காளானைப் படம் எடுப்பவர்களில் ஒரு கேடுகெட்ட இனம் உண்டு. தாங்கள் எடுத்து முடித்ததும் அதைப் பிய்த்து எறிந்துவிட்டுப் போவார்கள். அதே படம் இன்னொருவருக்குக் கிடைத்துவிடக் கூடாதாம். நானும், என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு சோளக்காடு என்ற மலையூரில் ஒரே வீட்டில் தங்கியிருந்த தோழியும், காளான் படமெடுக்கப் போய் அவர்களைத் திட்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

போன ஐப்பசியில், அரியூர் நாட்டுப் பக்கம் மிளகுக்கொடி ஏறிய பலா மரமொன்றில் ஒரு காளான் தட்டுபோல் முளைத்திருந்தது. வளர்கிற நாட்களில், மழை விட்ட காலையில், அதன் விளிம்பில் தேன் நிறத்தில் துளிகள் கசியும். அந்தத் துளிகளோடு ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. மரத்துக்கு ஆகாதென்று அதை வெட்டப் போன தோட்டக்கார அம்மா, நான் கெஞ்சியதால் விட்டுவைத்தார். "படம் புடிச்சுட்டுச் சொல்லு கண்ணு, அதுவரைக்கும் தொடமாட்டேன்" என்றார். ஆடு உரசாமலிருக்க முள்ளும் கட்டினார். இடத்தைத் தோழிக்கு மட்டும் காட்டினேன்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. எனக்கோ கீழே நாமக்கல்லில் பயிற்சி. "நீங்க இல்லாம நான் எடுப்பேனாக்கா? நாளைக்குச் சேர்ந்தே போலாம்" என்றாள்.

ஞாயிறு காலை தலைவலி என்று படுத்துக்கொண்டாள். தனியாகப் போனேன். மரத்தில் வெட்டிய தழும்புதான் இருந்தது. வாக்குத் தவறிவிட்டீர்களே என்று அந்த அம்மாவிடம் கத்திவிட்டேன்.

அவர் திகைத்துப்போனார். "ஏனுங்க டீச்சர், நீங்கதானுங்களே அறுத்தாரச் சொல்லி உட்டீங்க? உங்க கூட்டாளி டீச்சர் நேத்து வந்து படம் புடிச்சாங்க. உங்களுக்கு வேணுமுன்னு கேட்டாங்க. நாந்தானுங்க அருவா குடுத்தேன்."

வீடு திரும்பியபோது தோழி டீ குடித்துக்கொண்டிருந்தாள். படம் அதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருந்தது. துளித்துளியாக, நன்றாகத்தான் எடுத்திருந்தாள், பாவி.

"ஏன் அறுத்தே?" என்றேன்.

"ஒரு காளானுக்குப் போயி இவ்வளவு கோவமாக்கா?"

காளானுக்கில்லை. அடுத்த மழைக்கு வேறொன்று முளைக்கும். என் பெயரைச் சொன்னால் அந்த அம்மா அரிவாளைக்கூடக் கொடுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள்.