வாசல் தெரியாத தோட்டம்

எண்ணெய் தடவிய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் மணல் பையைக் கட்டிக்கொண்டு, தோட்டக்காரம்மா ஊன்றுகோலோடு தட்டுத் தடுமாறி நடக்கிறார். பார்ப்பவர்கள் கிறுக்கு என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். முதியோர் குடியிருப்புகளுக்குத் தோட்டம் அமைப்பது அவர் தொழில். "எம்பது வயசுக் கண்ணும் காலும் இல்லாம வரைபடம் போட்டா வெளங்கிடும்" என்பார்.

கூட வரும் கொத்தனாருக்குத்தான் உயிர் போகும். பாதையில் ஒரு கல் துளி தூக்கியிருந்தாலும் பெயர்த்தெடுக்க வேண்டும். "உங்கம்மா இதுல தடுக்கி விழுந்தா சும்மா இருப்பியா?" பெஞ்சுக்குக் கைப்பிடி கட்டாயம். பூச்செடிகள் குனியாமல் தொடும்படி இடுப்பளவுத் தொட்டியில் இருக்க வேண்டும். நிர்வாகிகளுக்கு இதெல்லாம் தண்டச் செலவு. விளம்பரப் படத்தில் பச்சையாகத் தெரிந்தால் போதும் அந்தப் புண்ணியவான்களுக்கு.

அவர்கள் இவரைத் தேடி வருவதே வேறொரு வித்தைக்காக. மறதி முற்றியவர்கள் வாசலைக் கண்டால் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார்கள். தோட்டக்காரம்மா போடும் பாதையோ வளைந்து வளைந்து கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். வெளிவாசல் பச்சைச் சாயமும் கொடியுமாக மதிலோடு மதிலாக ஒளிந்திருக்கும். "பூட்டு வேணாம், அதட்டல் வேணாம். அவங்க பாட்டுக்கு நடப்பாங்க" என்று கூட்டங்களில் பேசிக் கைதட்டல் வாங்கியவர்.

போன வருஷம் பெற்ற அப்பாவையே, தான் தோட்டம் போட்ட குடியிருப்பு ஒன்றில் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதாயிற்று. ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். மகளின் முகம் மறந்துவிட்டது, ரோடு மறக்கவில்லை.

இன்று பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அப்பா குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, இந்த ரோடு எங்கயும் போகலை. சுத்திச் சுத்தி இங்கயேதான் வருது. எந்தப் பாவி போட்டதோ!"

தோட்டக்காரம்மாவுக்குத் தன் கைவேலை இத்தனை கச்சிதமாக இருந்து தொலைத்திருக்க வேண்டாம் என்று முதல்முறையாகத் தோன்றியது. "எனக்கும் தெரியலைங்க ஐயா" என்றார்.

"வெளியில இருந்துதானே வர்றே, உனக்கு வழி தெரியும்ல? போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போயிடு. வீட்ல எம் பொண்ணு தனியா இருக்கா. இருட்டினா பயந்துக்குவா."

"சரிங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இரு, நல்ல சட்டையா ஒண்ணு மாட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று தள்ளாடிக்கொண்டே உள்ளே போனார்.

ஒளிந்திருந்த வெளிவாசலுக்கு முன்னால் மட்டும் சரளைக்கல் பரப்பியிருக்கும். யாராவது அந்தப் பக்கம் போனால் சத்தம் காட்டிக் கொடுக்கட்டும் என்று இவரே யோசித்துப் போடச் சொன்னது. அப்பாவின் அறை ஜன்னல் அதற்கு நேரே திறந்திருந்தது.

தோட்டக்காரம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சரளைமேல் நுனிக்காலை வைத்தார்.