இரண்டடி இடைவெளி

என் அக்காவின் கணவருக்கு உட்காரத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நின்றுகொண்டே சாப்பிடுவார். செய்தித்தாளை அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தபடி படிப்பார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கொடுத்த காபியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஜன்னல் கம்பி ஆடுகிறதே, திருப்புளி இருக்கிறதா என்று கேட்டார். தெருவில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே ஒரு நாற்காலி உண்டு, வருகிறவர்களுக்கு.

அக்கா நேர் எதிர். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவள். குரலை உயர்த்த மாட்டாள், பிடித்ததை விடவும் மாட்டாள். எங்கள் தெருவுக்குப் பின்னால் சரக்கு ரயில் போன பழைய தடம் கிடந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு முள்ளும் குப்பையும்தான். அதை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதையாக ஆக்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டாளா? ஆறு வருடம் நகராட்சிக்கு மனுப் போட்டாள்.

"நடக்கறதுக்கு எதுக்குப் பாதை? கால் இருந்தா நடக்க வேண்டியதுதானே?" என்பார் மாமா.

"உங்களுக்குக் கால் மட்டும்தான் இருக்கு. மத்தவங்களுக்குப் பயமும் இருக்கு. மெயின் ரோட்டுல குழந்தையைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க" என்பாள் அக்கா.

கடைசியில் நகராட்சி ஐந்து கிலோமீட்டருக்குத் தார் போட்டுக் கொடுத்தது. பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்று கையைக் கழுவிக்கொண்டது. அக்கா பதினெட்டு பேரைச் சேர்த்து ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுத்தாள். கேலி பேசிய மாமாதான் பெஞ்சு, சைக்கிள் ஸ்டாண்டு, வழிகாட்டிப் பலகை எல்லாம் செய்து நட்டார். ஒவ்வொரு பெஞ்சிலும் அக்காவை உட்காரவைத்து, ஆடுகிறதா என்று கேட்டுக்கொண்டு அடுத்ததற்கு ஓடினார்.

தொல்லை மோட்டார் சைக்கிள்களால் வந்தது. சிக்னல் இல்லாத குறுக்குவழி கிடைத்தால் யார் விடுவார்கள்? ஒரு காலையில் அக்கா ஓரமாகக் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் இடித்துவிட்டான். இடுப்பெலும்பு முறிந்தது. அவன் ஓடிப்போகவில்லை. அவனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அழுதபடி வெளியே நின்றான். ஓடியிருந்தால் மாமாவுக்குத் திட்டவாவது ஆள் கிடைத்திருக்கும்.

ஆபரேஷன் முடியும்வரை ஆஸ்பத்திரி நடைகூடத்தில் அவர் எத்தனை முறை நடந்தார் என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் இரண்டு முறை அதட்டினாள். மறுநாள் காலை ஆறு மணிக்கே பட்டறையைத் திறந்துவிட்டார்.

அவர் செய்தது தடுப்பு. இரண்டு இரும்பு வளைவுகள், ஒன்று இடது ஓரத்திலிருந்து, அதற்குச் சற்றுப் பின்னால் மற்றொன்று வலது ஓரத்திலிருந்து, பாதையை மறிக்கும். நடுவே இரண்டடி இடைவெளி. ஆள் உள்ளே போய்ச் சட்டென்று திரும்பி வெளியே வந்துவிடலாம். சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தித் திருப்பலாம். மோட்டார் சைக்கிள் மாட்டிக்கொள்ளும். தன் சைக்கிளை வைத்து அளவெடுத்தார். இரண்டடியில் ஒரு அளவுக்கம்பி வெட்டி, பாதையின் பதினொரு வாசலுக்கும் அதையே வைத்து அடித்தார். நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து கணக்குச் சொல்வார். "நாலு முடிஞ்சுது." "ஏழு முடிஞ்சுது. எல்லாம் ஒரே அளவு, ஒரு நூல் பிசகாது."

"கொஞ்சம் உட்காருங்களேன். கழுத்து வலிக்குது உங்களைப் பாத்து" என்பாள் அக்கா.

தினமும் சக்கர நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்துதான் அவள் கட்டிலுக்குப் போனோம். ஒன்றையாவது அளந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, பெரிய மேதாவி மாதிரி இப்போது எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிள்கள் நின்றுவிட்டன. ஊரே மாமாவைப் பாராட்டியது. மூன்று சக்கர மிதிவண்டியில் தண்ணீர் கேன் போடுகிறவர் மட்டும் ஒருநாள் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, என் வண்டி நுழையலண்ணே. பழையபடி மெயின் ரோட்டுலதான் மிதிக்கிறேன். லாரிக்காரன் உரசிட்டுப் போறான்."

"ஒருத்தருக்காக எல்லாத்தையும் திறந்து விட முடியுமா? கொஞ்ச நாள் சுத்திப் போங்க" என்றார் மாமா. நானும் அங்கேதான் இருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன். கேன்காரர் வண்டியை மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தாள், சக்கர நாற்காலியில். ஆறு மாதத்தில் எழுந்து நடக்கலாம் என்றார் டாக்டர். நடக்காமலும் போகலாம் என்பதையும் அதே குரலில் சொன்னார். அக்கா அழவில்லை. "நாளைக்குக் காலையில பாதைக்குப் போகணும்" என்றாள். படுத்துக் கிடந்த நாளெல்லாம் அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

காலையில் நான் தள்ளினேன். மாமா நாலடி முன்னால் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். தான் செய்த தடுப்பை அவளுக்குக் காட்டப் போகிறாரே.

நாற்காலி முதல் வளைவைத் தாண்டி இடைவெளியில் இடித்து நின்றது. மாமா சிரித்துவிட்டு, "விடு மாப்ள, நான் பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். நேராகத் தள்ளினார். சாய்த்துத் தள்ளினார். பின்னால் திருப்பி இழுத்துப் பார்த்தார். இரண்டு அங்குலம் போதவில்லை. நுழைந்தாலும் திரும்ப இடமில்லை. அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இரு, அடுத்த வாசல் கொஞ்சம் அகலம்" என்று ஓடினார். நான் பின்னாலேயே கூப்பிட்டேன், திரும்பவில்லை. கால்மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்தார். மூன்று வாசல் பார்த்திருக்கிறார். ஒரு நூல் பிசகவில்லை.

"தூக்கி உள்ள விட்டுடறோம். நானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம்..."

"தினமுமா?"

"தினமும்தான்."

"நான் என்ன சாமானா, தூக்கி வைக்கறதுக்கு?" அக்காவின் குரல் அப்போதும் உயரவில்லை. "இந்த ரெண்டு மாசத்துல வேற யாரெல்லாம் உள்ள வர முடியாமப் போச்சு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தடுப்பைப் பார்த்தேன். தண்ணீர்க் கேன்காரரைப் பற்றி நான்தான் சொன்னேன், சுற்றிப் போகச் சொன்னதையும் சேர்த்து. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தை அப்படி நான் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை.

"அறுத்துடுங்க" என்றாள்.

"அறுத்தா வண்டி வரும்."

"வரட்டும்."

"உனக்குப் புரியலை." மாமா இரும்பைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நீ ஸ்ட்ரெச்சர்ல கிடந்ததைப் பாத்தது நான். இன்னொரு தடவை பாக்க என்னால ஆகாது. நீ பாதைக்கு வெளியவே இரு, வீட்லயே இரு, எனக்கு ஒண்ணுமில்ல. நீ இருந்தாப் போதும்."

"எனக்குப் போதாதுங்க."

நடந்துபோகிற ஒருவர் எங்களைச் சுற்றிக்கொண்டு தடுப்பில் லாவகமாகப் புகுந்து உள்ளே போனார், நல்லா செஞ்சிருக்கீங்க என்று பாராட்டிவிட்டு. மாமா பட்டறைப் பக்கம் விடுவிடுவென்று நடந்தார். திரும்பி வந்தபோது கையில் ஆக்சா பிளேடு இருந்தது.

மின்சாரம் இல்லாத இடம். கையால்தான் அறுக்க வேண்டும். இரண்டாவது வளைவின் இரண்டு கால்களையும் தரையோடு அறுத்தார். நல்ல கனமான குழாயாகத்தான் போட்டிருந்தார், பாவம். புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் மாற்றிக்கொள்கிறேன் என்றேன், பிளேடைத் தரவில்லை. வளைவு சாய்ந்ததும் அதை ஓரமாக இழுத்துப் போட்டு, நின்ற இடத்தை அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்தார்.

நாற்காலி தடையில்லாமல் உள்ளே போனது. அக்கா முதலில் பார்த்தது ஓரத்தில் மண்டிக் கிடந்த களையை. மாமா அவளுக்கு முன்னால் நின்றார், பிறகு பின்னால் வந்தார், பிறகு வலப்பக்கம். எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வரும் என்று அவருக்குத் தெரியவில்லை.

பத்தடி போயிருப்போம். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வாசலை நெருங்கி, வேகம் குறைந்தது. மாமா திரும்பி ஓடி, தான் திறந்துவிட்ட இடத்தின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். நான் நாற்காலியை நிறுத்திவிட்டேன். நாற்காலியின் கைப்பிடி என் கையில் வழுக்கியது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"தள்ளுடா" என்றாள்.