எட்டரைக்கு வர ஏலாது

பஸ்ஸிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்த பிறகு, கால்களைப் பற்றி எல்லோரும் விசாரித்தார்கள். குடலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மலம் வருவது எனக்குத் தெரியாது; அடக்கவும் முடியாது.

முதல் மாதங்களில் என் கணவர்தான் பார்த்தார். கட்டிலில் என்னைச் சரித்துப் படுக்கவைத்து, கையுறை போட்டு, ஆசனவாயில் குளிசை வைத்து, விரலால் எடுப்பார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான்தான் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன்.

ஒரு காலையில், "கையுறையை என்னட்டத் தாங்கோ" என்றேன்.

"உமக்கு ஏலாது. விழுந்திடுவீர்."

"விழுந்தா தூக்குங்கோ."

இரண்டு தரம் விழுந்தேன். தூக்கினார். ஒரு மாதத்துக்குள், நடுவில் ஓட்டையுள்ள கதிரையில் இருந்தபடி நானே செய்யப் பழகிவிட்டேன். தேத்தண்ணீர் குடித்துக் கால் மணித்தியாலம் கழித்துத் தொடங்குவேன். ஒவ்வொரு நாளும் அதே நேரம். அவசரப்பட்டால் பாதியில் நின்றுவிடும். மிச்சம் பகலில் வரும்.

துறைமுகத்துக்குப் பக்கத்துக் கந்தோரில் நான் லிகிதர்; கடிதமும் கோப்பும் எழுதுகிற வேலை. எட்டரைக்குத் தொடங்கும் வேலைக்குத் திரும்பப் போனபோது ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. புதிதாக வந்த அதிகாரி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். மற்றவர்கள் தங்கள் மேசைகளில் இருந்தார்கள்.

"காலமை தலைச்சுத்து எண்டு உங்கட மனுசன் சொன்னவர். மருந்து எடுங்கோ. இல்லாட்டி வீட்டில ஆறுதலா இருங்கோ."

தலைச்சுற்று என்று என் கணவர் சொல்லிவைத்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"எனக்குத் தலைச்சுத்து இல்லை சேர். மலம் கழிக்க ஒரு மணித்தியாலம் வேணும். விரலாலதான் எடுக்கிறனான். அதை விட்டுட்டு எட்டரைக்கு வந்தா இந்தக் கதிரையிலதான் போகும்."

அவர் கோப்பைத் திறந்தார், மூடினார். "இதெல்லாம் இப்பிடிச் சொல்லுற கதையே?"

"நீங்கள் கேட்டனீங்கள். பின்னேரம் ஒரு மணித்தியாலம் கூட இருந்து வேலை செய்யிறன். ஒன்பதரைக்கு வர அனுமதியை எழுத்தில தாங்கோ."

வீட்டுக்குப் போகும்போது நடந்ததைச் சொன்னேன். கணவர் ஓட்டோவைக் கடற்கரையில் நிறுத்தினார்.

"எல்லாருக்கும் முன்னால சொல்லத்தான் வேணுமோ?"

"நீங்கள் தலைச்சுத்து எண்டு ஒரு வருத்தத்தைப் புதுசாக் கண்டுபிடிச்சா நான் வேறென்ன செய்யிறது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு நாளில் கடிதம் கிடைத்தது, 'மருத்துவக் காரணம்' என்று. எனக்கு அது போதும்.

ஒரு கிழமையாகப் பகல் சாப்பாட்டுக்குச் சிலர் என் மேசைப் பக்கம் வரவில்லை. குறைவாகச் சாப்பிட்டால் தொல்லை குறையும் என்று சொந்தக்காரர்களும் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கீரையும் மீனுமாக முழுச் சோற்றையும் சாப்பிட்டு, ஒரு போத்தல் தண்ணீரும் குடித்தேன். சாப்பிடாத குடல் இன்னும் மோசமாக இறுகும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பிறகு ஒருநாள், முன் மேசைப் பெண் தன் சோற்றுப் பெட்டியோடு வந்து இருந்தாள். அவளுடைய அண்ணா கூரையிலிருந்து விழுந்து நாலு மாதமாகப் படுக்கையில்.

"அக்கா, அவருக்கு நாலு நாளாப் போகேல்லை. கேக்க வெக்கமாக் கிடக்கு."

"வெக்கத்தை விடும்" என்றேன். "முதல்ல அவரை இண்டைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோம். பிறகு நான் வந்து காட்டித் தாறன்."