மேடையம்மாவும் பூட்டிய ஓய்வறையும்

"என் ஆயுசுல நான் எந்த வரிசையிலயும் நின்னதில்ல. நான் எங்க நிக்கிறேனோ, அங்கேர்ந்துதான் வரிசையே ஆரம்பிக்கும்!"

மாதர் சங்கத்தின் ஸ்தாபகத் தலைவி இப்படி முழங்கியபோது மண்டபமே அதிர்ந்தது. முதலில் கை தட்டியவள் அவருடைய தம்பி மனைவி. அவள்தான் சங்கத்தின் காரியதரிசி. கைதட்டலைத் தொடங்கி வைப்பது காரியதரிசியின் தலையாய கடமை.

ஊர் அவருக்கு வைத்த பெயர் மேடையம்மா. குழந்தையாக இருந்தபோதே பொம்மைகளை உட்காரவைத்துச் சொற்பொழிவாற்றுவாராம். பொம்மைகள் பாதியில் எழுந்து போகாததால் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. கணவருக்கு இரும்புக் கடை. வீட்டுச் சத்தத்துக்குக் கடைச் சத்தமே தேவலை என்று விடிந்ததும் கிளம்பிவிடுவார். வீட்டில் கேட்க ஆளில்லாமல் போகவே சங்கம் பிறந்தது. ஊரில் பெண்களுக்கென்று அதற்கு முன் ஒரு சங்கமும் இருந்ததில்லை. அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. பறிக்க நினைத்தவர்களையும் அவர் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்.

சேவை அன்றே தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய், அசந்து தூங்கும் நோயாளிகளைத் தட்டி எழுப்பி, "நல்லாத் தூக்கம் வருதா?" என்று அன்புடன் விசாரித்தார். முதலுதவி வகுப்பில் பால்காரரின் நல்ல காலுக்குக் கட்டுப் போட்டார். அவர் நொண்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்ததை வகுப்பின் வெற்றியாக அறிவித்தார்.

சங்கத்தின் தீர்மானங்கள் எல்லாமே ஏகமனதாக நிறைவேறும். அதற்கு மேடையம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எல்லாருக்கும் ஒரு கையில் டீக் கோப்பையும் மறு கையில் பிஸ்கட் தட்டும் கொடுக்கச் சொல்வார். மேசை, முக்காலி எதுவும் பக்கத்தில் இருக்காது. பிறகு, "எதிர்க்கிறவங்க கை தூக்கலாம்" என்பார். புதுப் புடவையில் டீ கொட்டிக்கொள்ளும் அளவுக்குக் கொள்கைப் பிடிப்பு யாருக்கும் இருந்ததில்லை. தீர்மானம் முடியும்வரை அவர் மட்டும் டீயைத் தொடமாட்டார்.

அப்படி நிறைவேறியதுதான் சந்தை ஓய்வறை. சந்தையில் கடை போடும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. சங்கம் ஊரெல்லாம் வசூலித்துக் கட்டிய கட்டடத்தின் வாசலில் 'மகளிர் இளைப்பாறும் இல்லம்' என்று பலகை மாட்டினார்கள். சந்தைப் பெண்கள் சுருக்கமாகக் கக்கூஸ் என்றார்கள். திறப்பு விழா அன்றே மேடையம்மா அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மேலிடத்திலிருந்து அதிகாரி பார்வையிட வரும்வரை ஒரு பொட்டு அழுக்குப் படக்கூடாதாம்.

அதிகாரி வருவதாயில்லை. சந்தைப் பெண்கள், போக இடமில்லையே என்று, வெயிலிலும் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் வெங்காயக்காரம்மா தராசின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். மேடையம்மா ஓடோடி வந்து, அவள் தலையை மடியில் கிடத்தி, போட்டோ எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தம்பி மனைவி கேட்டேவிட்டாள். "அண்ணி, சாவியக் குடுங்க. பாவம், அந்தம்மா செத்துப் பொழச்சிருக்கு."

"புதுக் கட்டடத்தப் போய் நாறடிக்கணுமாடி?"

"அதுக்குத்தானே அண்ணி கட்டினோம்!"

"எதுத்துப் பேச ஒன்னக் காரியதரிசி ஆக்கல. தீர்மானம் போடாம பூட்டு தெறக்காது. போ, போய் டீயப் பாரு."

அவள் டீயைத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் கோப்பையும் தட்டும் போனதும், அவள் ஒரு பெரிய படத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். மயங்கிய வெங்காயக்காரம்மாவை மேடையம்மா தாங்கியிருந்த அதே போட்டோ. ஆளுயரம், கனத்த சட்டம், கண்ணாடி வேறு. "தலைவிக்கு எங்க அன்புப் பரிசு!" என்று அவர் கையில் கொடுத்தாள். மேடையம்மா இரு கையாலும் படத்தைக் கட்டிக்கொண்டார். முகம் பூரித்துப் போயிற்று.

"அப்படியே ஒரு தீர்மானம்," என்றாள் தம்பி மனைவி. "ஓய்வறைய இன்னிக்கே தொறந்து, சாவிய வெங்காயக்காரம்மாகிட்டக் குடுத்துடணும். எதிர்க்கிறவங்க கை தூக்கலாம்."

மேடையம்மாவின் வலது கை சட்டத்தை விட்டு மேலே எழுந்தது. படம் சரிந்தது. தன் முகம் தரையை நோக்கிப் போவதைக் கண்டதும் கை தானாகத் திரும்பி வந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

"அடியே... நீ..."

"ஏகமனதா நிறைவேறிடுச்சு அண்ணி," என்று அவர் இடுப்பிலிருந்த சாவியை அவளே பதமாக உருவிக்கொண்டாள். உறுப்பினர்கள் டீயை உறிஞ்சினார்கள். பல வருஷங்களில் அவர்களுக்கு அவ்வளவு ருசியான டீ கிடைத்ததில்லை.

அதன்பின் நாத்தனாரும் தம்பி மனைவியும் கோர்ட்டுச் சம்மன் வந்தால்தான் பேசிக்கொள்வார்கள் என்கிற நிலை. கடைசியில் அதிகாரியும் வந்தார். மேடையம்மா அவருக்கு ஈடுகொடுத்து டீ மேல் டீயாகக் குடித்தபடி சங்க வரலாற்றை ஆதியிலிருந்து விவரித்தார். அவரை அனுப்பிவிட்டுச் சந்தை வழியாக வீட்டுக்குக் கிளம்பியவர், பாதி வழியில் நடையை மாற்றினார். வீடு ரொம்பத் தூரத்தில் இருப்பதாக முதல்முறையாகத் தோன்றியது. ஓய்வறைப் பக்கம் விரைந்தார்.

வாசலில் பெண்கள் நின்றார்கள். சாவியை முந்தானையில் முடிந்திருந்த வெங்காயக்காரம்மா முறை பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"நகருங்க, நகருங்க. இதக் கட்டினவளே நான்தான்!"

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்கம்மா," என்றாள் வெங்காயக்காரம்மா. "வரிசையோட வால் அந்தப் பக்கம்."

வெயிலுக்கு முறத்தைத் தலைக்கு மேல் பிடித்து வரிசையில் நின்ற தம்பி மனைவி, அந்த நிழலில் கொஞ்சம் இடம் விட்டாள். மேடையம்மா அவளைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். பிறகு வேறெதையும் பார்க்காமல் எல்லாரையும் கடந்து, கடைசியில் நின்ற மீன்காரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.