ஐந்தும் ஏழும்

என் அப்பா பேசிலுக்கு என்ஜின் சத்தம் கேட்டால் போதும், எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனிப் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் ஃபோர்மேனாக இருந்தார். வீட்டு மிக்ஸி இரைந்தால்கூட, "பேரிங் போவப்போவுது, இன்னும் ரெண்டு மாசம்" என்பார். சரியாக இரண்டாவது மாசம் மிக்ஸி செத்துப்போகும்.

அவர் பிறந்து வளர்ந்தது சாலாக் செலாத்தானில், ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா கடைசி நான்கு வருஷம் ஞாபகம் போய்க் கிடந்தார். பெற்ற பிள்ளையான அப்பாவைப் பார்த்து, "தம்பி யாரு, எந்த ஊரு?" என்று தினமும் கேட்பார். அப்பா தினமும் பதில் சொல்வார். உலகத்தில் அப்பா பயந்த ஒரே விஷயம் அதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "அட, குடும்பத்துக்குள்ளே இதெல்லாம் சகஜம்" என்று நீங்களும் ஆரம்பித்துவிடுவீர்கள். போதும் போதும் என்கிற அளவுக்கு அதைக் கேட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவும் கௌஸ் மாமாவும் பாதிக்குப் பாதி போட்டு ஒரு பழைய விசைப்படகு வாங்கினார்கள். இருபத்தாறு அடி நீளம். தரைப்பலகையைத் தூக்கினால் உள்ளே எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். என்ஜின் அறைக்கு ஒரு பூட்டு, அதற்கு இரண்டு சாவி. ஒன்று அப்பாவிடம், இன்னொன்று மாமாவிடம். சனிக்கிழமையானால் இரண்டு பேரும் தூண்டில் போடக் கிளம்பிவிடுவார்கள். நான் பங்சாரில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறேன், பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சனிக்கிழமை காலை ரயில் ஏறினால் நேராக போர்ட் கிள்ளான். பல நாள் படகுத்துறையில்தான் அப்பாவைப் பார்ப்பேன்.

கௌஸ் மாமா எங்களுக்கு ரத்த உறவு இல்லை. கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிற அப்பாவின் நண்பர். அம்மா சாந்தமேரிக்குக் கூடப்பிறந்த ஆண் பிள்ளை கிடையாது. நான் பெரியவளானபோது தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவது என்று அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, மாமா தொழுகைத் தொப்பியோடு ஒன்பது தட்டு எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் மாதா கோயில் ஜனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அன்றிலிருந்து அம்மா அவருக்குத் தங்கச்சி, அப்பா மச்சான்.

போன வருஷம் அப்பாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் கப்பல் போகிற பாதையில் படகு நின்றுவிட்டது. எதிரே கன்டெய்னர் கப்பல். ஃபில்டரில் அடைப்பு, அப்பா ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துகொண்டு வந்துவிட்டார். அதைச் சாப்பாட்டு மேசையில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

"வித்துடுங்க அத."

"சும்மா இரு மேரி. நான் போனப்புறம் வித்துக்கோ."

நியாயமாகப் பார்த்தால் அப்பா சொன்னது தப்புத்தான். அதை நான் மறுக்கவில்லை.

மார்ச் மாதம் தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் என்ஜின் முக்கும், முனகும், சீக்கிரம் கிளம்பாது. கிளம்பினாலும் உதறும், நடுநடுவே டப் டப் என்று வெடிக்கும். அப்பா பெட்ரோலைச் சோதித்தார், ஃபில்டரை மாற்றினார், எட்டு பிளக்கையும் கழற்றினார். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஐந்தாம் பிளக்குக்குப் போகவேண்டிய வயர் ஏழுக்கும், ஏழுக்குப் போகவேண்டியது ஐந்துக்கும் மாறியிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். எட்டு சிலிண்டருக்கும் நெருப்பு ஒரு வரிசையில் போகவேண்டும். ஒன்று, எட்டு, நாலு, மூணு, ஆறு, அஞ்சு, ஏழு, ரெண்டு. அப்பா இதை ஜெபமாலை மாதிரி ஒப்பிப்பார். ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், வரிசையிலும் அடுத்தடுத்து வரும். மாற்றிப் போட்டால் என்ஜின் சாகாது, ஆனால் ஒழுங்காக ஓடவும் ஓடாது. "இந்த ரெண்டுதான் எவனையும் ஏமாத்தும்லா" என்று அவரே மாமாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வயர்களில் எண் ஒட்டி வைக்கலாமே என்று கேட்டால், "அதெல்லாம் கத்துக்கிறவனுக்கு" என்பார்.

முதல் தடவை சிரித்துக்கொண்டார். வயர்கள் வந்து சேரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாற்றியபோது தானே தவறிப் போட்டிருப்போம் என்று நினைத்தார். சரிசெய்தார், என்ஜின் சமத்தாக ஓடியது.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே உதறல், அதே டப் டப். இந்தத் தடவை அப்பா வயரைப் பார்க்கவே இல்லை, தன் கையால் போட்டது ஆயிற்றே. இக்னிஷன் காயிலை மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், உப்புக்காற்று ஈரம் என்று மூடியைத் துடைத்தார். இரண்டு சனிக்கிழமை இப்படியே போயிற்று. கடைசியில் பார்த்தால், ஐந்தும் ஏழும்.

அன்றைக்குப் படகுத்துறையிலிருந்து நாங்கள் காரில் வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சாண்ட்ரா, எனக்கு என்னமோ ஆவுதும்மா."

"என்னப்பா?"

"தாத்தாவுக்கு ஆனது."

"சும்மா எதையாச்சும் சொல்லாதீங்க" என்று அதட்டினேன். ஆனால் அன்றிலிருந்து நானும் அவரிடம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, சின்னப்பிள்ளையிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

நான் லீவு போட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அம்மா காலையில் எழுந்து அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டாள், வழியில் சாப்பிட நாசி லெமாக் கட்டிக் கொடுத்தாள், வாசலில் நின்று அழுதாள். பயத்தில் அழுகிறாள் என்று நான்தான் கட்டிப்பிடித்துத் தேற்றினேன்.

டாக்டர் ஐந்து வார்த்தை சொன்னார். குடை, மாம்பழம், ரயில், பூனை, கதவு. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பச் சொல்லவேண்டும். அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. மூன்றுதான் வந்தது. இப்போதைக்கு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்து வாருங்கள், அதுவரை எதையும் எழுதி வைத்துப் பழகுங்கள் என்றார்கள். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அப்பா, "குடையாச்சும் சொல்லியிருக்கணும். வெளிய மழதானே பேஞ்சுகிட்டிருந்துச்சு" என்றார்.

வீட்டில் அம்மா நண்டுக் கறி வைத்திருந்தாள். குடையும் பூனையும் மறந்துவிட்டது என்று அப்பா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அம்மா அவர் தட்டில் பெரிய நண்டாகப் பார்த்து வைத்து, "பரவால்லங்க, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள்.

எழுதுவதற்கு அப்பாவுக்குப் பொறுமை இல்லை. போனில் படம் எடுத்து வையுங்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். அந்த வாரமே என்ஜினைச் சரிபார்த்து, பூட்டுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை நானும் படகுத்துறையில் இருந்தேன். மாமா கடையில் கூட்டம், வரமுடியாது என்றிருந்தார். "திருப்பு" என்றார் அப்பா. சாவியைத் திருப்பினேன். முக்கல், முனகல், டப். அப்பாவின் முகம் செத்துவிட்டது. பலகையைத் தூக்கினார். ஐந்தும் ஏழும்.

"போட்டோவ எடுங்கப்பா" என்றேன்.

ஏழாம் வயரில் ஒரு பழைய கீறல், அதன் மேல் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். படத்தில் டேப் சுற்றிய வயர் ஏழில் இருந்தது. இங்கே ஐந்தில் இருக்கிறது. அப்பா படத்தைப் பார்த்தார், என்ஜினைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா! நான் சரியாத்தான் போட்டிருக்கேன்! எனக்கு ஒண்ணுமே இல்ல!"

அந்தச் சிரிப்பு எத்தனை நேரம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? பூட்டு உடையவில்லை. பூட்டுக்கு இரண்டு சாவி. அவ்வளவு நேரம்தான்.

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "கௌஸ், அஞ்சும் ஏழும்" என்றார்.

கடைச் சத்தத்துக்கு நடுவே மாமா குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மச்சான், கோவப்படாம கேளு. தங்கச்சி கடைக்கு வந்து அழுதுச்சு. 'அண்ணே, அந்த மனுசன் கடல்ல போயி விழுந்தா என் மூஞ்சில எப்படி முழிப்பீங்க, படகு கெளம்பாம பண்ணுங்க'ன்னுச்சு. சீர் தூக்கிட்டு வந்தவன் நான். அண்ணன்னு கூப்டு கேக்குறப்ப எப்படிலா இல்லேங்கிறது?"

"நான் ஆஸ்பத்திரி போனது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் மச்சான்."

"அதுக்கப்புறமும் வந்து மாத்துனியா?"

அப்பா போனை அணைத்தார். குனிந்து வயர் இரண்டையும் மாற்றிப் போட்டார், என்னைத் திருப்பச் சொன்னார். முதல் திருப்பிலேயே என்ஜின் கிளம்பி ஓடியது. அரை நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அடச்சிடு" என்றார், நிறுத்தினேன். கடலுக்குப் போகவில்லை.

வீட்டில் அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா போனை அவள் முன்னால் வைத்தார்.

"இது போன வாரம், நான் பூட்டறப்ப எடுத்தது. இன்னிக்கு வேற மாதிரி இருக்கு. கௌஸ் சொல்லிட்டான்."

அம்மா மறுக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். "எத்தன தடவ சொன்னேன், கேட்டீங்களா? இன்னும் ஒரே ஒரு தடவ, அப்புறம் நீங்களே வெறுத்துப்போய் வித்துடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க உசுரோட இருந்தாப் போதும் எனக்கு."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டு உசுரப் பத்திப் பேசறியா? அவரு ராத்திரியெல்லாம் தூங்காம அஞ்சு வார்த்தயச் சொல்லிச் சொல்லிப் பாத்துகிட்டிருந்தாரும்மா! பக்கத்துலதானே படுத்திருந்த?" என்று கத்தினேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"படகு கெடக்கட்டும் மேரி. 'போவாதீங்க'ன்னு கதவ மறிச்சுகிட்டு நின்னிருந்தாக்கூட சண்ட போட்டுட்டு ஒக்காந்திருப்பேன். இந்த மேசைலதான் குடையும் பூனையும் மறந்துபோச்சுன்னு சொன்னேன். ஒனக்குத் தெரியும், நான் ஒரு தப்பும் பண்ணலன்னு. தெரிஞ்சுகிட்டே, 'வயசானா எல்லாருக்கும் வரும்'னு சொன்ன. அந்த ஒரு வார்த்தைய சொல்லாம இருந்திருக்கலாம்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. இன்றுவரை முழுசாக வரவில்லை.

அப்பா தன் என்ஜின் அறைச் சாவியை என்னிடமே கொடுத்து மாமாவிடம் சேர்த்துவிடச் சொன்னார். மாமா கடையில் எல்லார் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதார். இரண்டு முறை வீட்டு வாசல்வரை வந்து, கூப்பிடாமலே திரும்பிப் போனார். படகு துறையில் கட்டிக் கிடக்கிறது. அம்மா கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது: அப்பா கடலுக்குப் போவதில்லை, வீட்டில்தான் இருக்கிறார், உயிரோடு இருக்கிறார்.

வீட்டில் சண்டை இல்லை. அம்மா பரிமாறினால் சாப்பிடுகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். சமாதானம் ஆகிவிட்டது என்றுகூட நான் நினைத்தேன். ஒரு நாள் கரண்ட் பில் தேடுவதற்காக அவர் போனைத் திறந்தேன். நூற்றுக்கணக்கில் படங்கள். மூடிய கேஸ் அடுப்பு. பூட்டிய கேட். திங்கள் மாத்திரை, செவ்வாய் மாத்திரை. ஆணியில் தொங்குகிற கார் சாவி. ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக்குள் எடுத்தது.

போன ஞாயிறு கோயிலுக்குக் கிளம்பும்போது அவர் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. அப்பா தேடவில்லை. போனை எடுத்து முந்தின நாள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கண்ணாடியைப் படம் எடுத்திருக்கவில்லை. அம்மா சமையலறைக்குள் போய்க் கண்ணாடியோடு வந்தாள்.

"ஃபிரிட்ஜு மேல இருந்துச்சுங்க."

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். "நானா வச்சேன்?"

"நீங்கதாங்க வச்சீங்க. மாதா சத்தியமா நான் தொடல."

அப்பா தலையாட்டினார். கண்ணாடியை வாங்கி மேசைமேல் வைத்தார். ஒரு படம் எடுத்தார். அப்புறம் அதை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார்.